சேற்றுப்புண்: பெயரும் நோயும்

பெயர்ச்சொல்லை இடுகுறியென்றும் காரணமென்றும் பகுத்துப் படிப்பித்தபின், காரணப்பெயருக்கு உதாரணம் கூறுக என்றால் மாணாக்கர் பறவை, அணி, நாற்காலி என நூலிற் கண்டவற்றையே ஒப்பிப்பது வழக்கம். சென்ற மாரியில் ஒரு மாணாக்கன் மாத்திரம் எழுந்து, "சேற்றுப்புண், ஐயா" என்றான். வகுப்புச் சிரித்தது. அவன் காலில் இருந்த வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து மூன்று நாள் மழையில் ஊறிப் பழுப்பேறியிருந்தது; பாடம் நடக்கையில் ஒரு காலை மற்றக் காலால் தேய்த்துக்கொண்டேயிருந்தான். யான் சிரிக்கவில்லை. "சேற்றால் வந்த புண், மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை" என்று விரித்துக் கரும்பலகையில் எழுதினேன். எழுதிய பின்னரே ஓர் ஐயம் பிறந்தது. அவன் பட்டினத்துப் பிள்ளை, வயலில் இறங்கியறியாதவன். அவன் காலுக்குச் சேறு எங்கிருந்து வந்தது?

காரணப்பெயரானது காரணத்தைப் பிழையறச் சொல்லியே தீரவேண்டும் என்னும் விதி எந்த இலக்கண நூலிலும் இல்லை. பெயரிட்டோர் எதனைக் காரணமென்று கருதினரோ அதுவே பெயரில் நிற்கும். கருத்துப் பிழையாயினும் பெயர் நிலைத்துவிடும். நிலைத்த பெயர் பின்வருவோர் கருத்தையும் பிழைபடுத்தும். நோய்ப் பெயர்களிடத்து இது வெறுஞ் சொல்லாராய்ச்சியோடு ஒழிவதன்று. சேற்றினால் வந்தது என நம்புகின்றவன் சேற்றைக் கழுவினாற் போதுமென்று அமைந்துவிடுவான். எங்கள் குடும்பத்திலே ஒருவர் அவ்வாறு அமைந்து ஒரு விரலை இழந்தார். அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

சேற்றைக் குற்றஞ்சாட்டும் வழக்கம் தமிழுக்கு மாத்திரம் உரியதன்று. சுசுருத சங்கிதையிலே, சிறு நோய்களைத் தொகுத்துக் கூறும் பகுதியில், 'அலசம்' என ஒரு கால்நோய் சொல்லப்படுகின்றது. விரலிடுக்குகள் ஈரங்கசிந்து ஊறியிருத்தல், தினவு, எரிவு, நோவு என்பன அதன் குறிகள் என்றும், தீய சேற்றைத் தீண்டுதலால் அது வருமென்றும் அங்கே காணலாம். குறிகளைக் கூறிய திறம் வியக்கத்தக்கது. இன்றைய தோல்வைத்திய நூலொன்றில் வைத்தாலும் பொருந்தும். காரணங் கூறிய இடத்தில் மாத்திரமே அந்நூலார் எங்கள் உழவரோடு சேர்ந்துகொண்டார்.

இந்நோயின் இனத்ததாகிய படர்தாமரைக்கு வண்டுகடி என்றும் ஒரு பெயருண்டு. அதற்கு மருந்தாகும் சீமையகத்தியை வண்டுகொல்லி என்பர். கண்ணுக்குப் புலனாகாத வண்டொன்று தோலை வட்டமாகக் கடித்துச் செல்கின்றது என்பது பழையோர் கருத்துப் போலும். ஒருவரையொருவர் அறியாத மக்களும் இதே பிழையைச் செய்தமை சுவையானது. இந்நோய்க்கு வைத்தியர் இன்றும் வழங்கும் 'தீனியா' என்னும் இலத்தீன் சொல் துணியரிக்கும் பூச்சியைக் குறித்தது. ஆங்கிலர் வளையப்புழு என்றனர். உண்மையில் வண்டுமில்லை, பூச்சியுமில்லை, புழுவுமில்லை. படர்தாமரை எனப் பெயரிட்ட தமிழன் ஒருவனே காரணத்தில் தலையிடாது வடிவை மாத்திரஞ் சொல்லித் தப்பித்துக்கொண்டான்.

பூச்சிமேற் பழி போட்டவரையேனும் பொறுக்கலாம். இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த வெள்ளைக்காரர், துடையிடுக்கிற் படரும் இவ்வின நோய்க்கு 'டோபி சொறி' எனப் பெயரிட்டு, தம் துணியை வெளுத்துக் கொடுத்த ஏழைத் தொழிலாளர்மேற் பழியை ஏற்றினர். வியர்வையூறிய இறுகிய காற்சட்டையை வெயில்நாட்டிலும் கழற்றாதிருந்த தம் வழக்கம் அவர் நினைவிற்கு வரவில்லை. பாதத்து நோய்க்கு 'விளையாட்டுவீரர் பாதம்' என்று அமெரிக்காவிலே பெயரிட்டனர். இதுவும் ஒருவகைத் தவறே. பந்தைத் தொட்டறியாத கிழவரையும் அந்நோய் பற்றும்.

இப்பெயர்க் குழப்பத்தினிடையே உண்மைக் காரணியைக் கண்டு பெயரிட்டவர்களுள் ஒருவர் இலங்கையிலிருந்தே அதனைச் செய்தார் என்பதை எம்மவர் பலர் அறியார். அல்டோ காஸ்ரெலானி என்பவர் இத்தாலியர். 1903 முதல் 1915 வரை கொழும்பில் நுண்ணுயிராராய்ச்சிக்குப் பொறுப்பாயிருந்தார். பறங்கிப்புண்ணின் கிருமியை 1905இல் கண்டறிந்தவரும் அவரே. துடையிடுக்கு நோயாளரிடமிருந்து பெற்ற பங்கசொன்றைப் புதிய இனமென அவர் 1910இல் வெளியிட்டார். வளர்ப்புக் குப்பியில் அதன் அடிப்புறம் திராட்சைச் சாறு போலச் சிவக்கும். அச்செம்மை பற்றி 'றூப்பிறம்' என்னும் இலத்தீன் அடைமொழியைக் கொடுத்தார். இன்று திறைக்கோபைற்றன் றூப்பிறம் எனப்படும் அப்பங்கசே உலகெங்கும் பாதத்தையும் நகத்தையும் பற்றுவனவற்றுள் முதலிடம் பெற்று நிற்கின்றது. அவர் பெயரால் வழங்கும் செந்நிறப் பூச்சுமருந்து ஒன்றும் நெடுங்காலம் விரலிடுக்குப் புண்ணுக்குப் பயன்பட்டது. பூசியவன் ஊரறியச் சிவந்த காலோடு திரியவேண்டும் என்பதே அதன் குறை.

அப்பங்கசின் வரலாறு இன்னுஞ் சுவையுடைத்து. தென்கிழக்காசியா முதலிய வெப்ப நாடுகளே அதன் பழைய இருப்பிடம் என்றும், வெறுங்காலோடு நடந்த அந்நாட்டு மக்களுடம்பில் அது படர்தாமரையாகவே வாழ்ந்ததென்றும், சப்பாத்தணிந்த சிப்பாய்களும் குடியேறினோரும் அதனைத் தம் நாடுகளுக்குக் கொண்டுசென்ற பின்னரே அது பெருவழக்கான கால்நோயாக மாறிற்றென்றும் ஆராய்ச்சியாளர் கருதுவர். மூடிய சப்பாத்தினுள்ளே வெப்பமும் ஈரமும் இருளும் ஒருங்கு வாய்த்தன. பங்கசுக்கு வேறென்ன வேண்டும்? ஆகவே என் மாணாக்கனின் நோய்க்குச் சப்பாத்துப்புண் என்பதே பொருந்திய பெயராகும்.

அவ்வாறாயின் வயலில் நிற்பவனுக்கு ஏன் வருகின்றது? இங்கேதான் ஒரு பெயருக்குள் இரண்டு காரியங்கள் கலந்து கிடக்கின்றன. நீரிலும் சேற்றிலும் நாட்கணக்காக நின்றால் தோலின் மேற்படை ஊறி வெளுத்துச் சுருங்கும். விரலிடுக்கிலே பழஞ்சீலை போல நைந்து கிழியும். இது நோயன்று, நீர்ச்செயல். நைந்த அவ்விடத்திற் பங்கசும், மதுவமும், புண்ணைச் சீழ்கொள்ளச் செய்யும் பற்றீரியாவும் ஒன்றன்பின் ஒன்றாகவோ ஒருமிக்கவோ வந்து குடியேறும். அப்பொழுதே அது புண்ணாகின்றது. சேறு கதவைத் திறந்துவிட்டது. உள்ளே புகுந்தவன் வேறொருவன். சப்பாத்துக்காரனுக்கு அக்கதவைத் திறப்பது தன் வியர்வை. இருவர்க்கும் பொதுவானது ஈரமும், அது காயாதிருத்தலுமேயாம்.

பாதத்தை இப்பங்கசு விரும்புவதற்கும் காரணமுண்டு. எங்கள் தோலின் மேற்படை இறந்த கலங்களால் ஆயது. மயிருக்கும் நகத்துக்கும் உரிய கெரற்றின் என்னும் புரதமே அதிலும் நிறைந்துள்ளது. இப்பங்கசுகள் உயிருள்ள தசையைத் தொடா. இறந்த கெரற்றினையே கரைத்துண்டு வாழும். உள்ளங்காலில் அப்படை மிகத் தடித்தது. அன்றியும் உடம்பின் மற்றப் பாகங்களில் நெய் சுரக்கும் சுரப்பிகள் உள. அந்நெய் பங்கசுக்குப் பகை. உள்ளங்காலில் அச்சுரப்பிகள் இல்லை. வியர்வைச் சுரப்பிகளோ மிகப் பல. உணவு மிகுதி, நீர் மிகுதி, பகை இல்லை.

இனி நோயை அறியுமாறு. பெரும்பாலும் அது நான்காம் விரலுக்கும் சிறுவிரலுக்கும் இடையிலே தொடங்கும். விரல்கள் மிக நெருங்கிக் காற்றுப் புகாத இடம் அதுவேயாதலின். தோல் வெண்மையாய் ஊறி, உரிந்து, அடியிற் சிவந்து, நடுவே கீறல் விட்டிருக்கும். தினவு மிகும், சப்பாத்தைக் கழற்றியவுடன் சொறியாதிருத்தல் அரிது. தீநாற்றமும் உண்டாகலாம். இதனை எவரும் அறிவர்.

அறியாதது இரண்டாம் வகை. உள்ளங்கால் முழுவதும், குதிக்கால், பாதத்தின் ஓரங்கள் ஆகிய இடங்களிலே தோல் வறண்டு தடித்து, மாப்பூசியது போல வெண்செதிள் படிந்திருக்கும். தோற்கோடுகளில் அவ்வெண்மை தெளிவாகத் தெரியும். தினவு சிறிதே; சிலர்க்கு இல்லவேயில்லை. வறட்சியென்றும் பித்தவெடிப்பென்றும் எண்ணி எண்ணெயும் களிம்பும் பூசிக்கொண்டு பத்துப் பதினைந்து ஆண்டுகளை இவ்வாறே கழிப்பார் உளர். இவ்வகையினர் தம் உள்ளங்கைகளைப் பார்க்கவேண்டும். கால் இரண்டும் கை ஒன்றும் செதிள்பட்டிருந்தால் இப்பங்கசே என்று வைத்தியர் பெரும்பாலும் துணிவர். காலைச் சொறிந்த கையே அவ்வொரு கை. மூன்றாவது வகையிலே பாதத்தின் வளைவில் நீர்க்கொப்புளங்கள் திடீரெனத் தோன்றி மிகுந்த அரிப்பையும் எரிவையும் தரும்.

இவற்றைப் போன்று தோன்றும் வேறு நோய்களும் உள. செருப்பின் றப்பரோ தோல் பதனிட்ட மருந்தோ ஒவ்வாமையாற் பாதத்தின் மேற்புறத்திலே செருப்பு வாரின் வடிவாகவே சொறி எழும். உள்ளங்காலில் ஊசியாற் குத்தியது போன்ற சிறு குழிகளும் கடுநாற்றமும் இருந்தால் அது பற்றீரியாவின் செயல். காளாஞ்சகப்படை என்னும் சோரியாசிசும் உள்ளங்காலிற் செதிளாகத் தோன்றும். ஐயம் நேரின் வைத்தியர் செதிளைச் சிறிது சுரண்டி எடுத்து, பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் இட்டு நுணுக்குக்காட்டியிற் பார்ப்பர். பங்கசிருந்தால் நூலிழை போலத் தோன்றும். செலவும் நோவும் இல்லாத இச்சிறு சோதனையைச் செய்யாமல் மருந்துக்கு மேல் மருந்து மாற்றுவது கண்ணை மூடிக்கொண்டு ஏடு வாசிப்பதை ஒக்கும்.

என் தமையனார் வன்னியில் வயல் செய்பவர். அறுபதைக் கடந்தவர், நீரிழிவு பத்தாண்டுகளுக்கு மேலாக உண்டு. ஆண்டுதோறும் பெரும்போகத்திலே விரலிடுக்குப் புண் வரும், தை பிறந்ததும் காய்ந்துபோகும். "தம்பி, இது சேற்றுப்புண்தானே. மாரி போனாற் போய்விடும்" என்பது அவர் வாய்மொழி. மருதோன்றியும் மஞ்சளும் அரைத்துப் பூசுவார். ஓராண்டு அவர் படும் பாட்டைக் கண்டு பொறாமல், பட்டினத்து மருந்துக்கடை ஒன்றிலே கேட்டு ஒரு களிம்பை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வைத்தியர் சீட்டு எவரும் கேட்கவில்லை.

இரண்டு நாளில் தினவு நின்றது. தமையனார் என்னைப் புகழ்ந்தார். யானும் உள்ளூர மகிழ்ந்தேன். நிறுத்தினாற் சில நாளில் முன்னையினும் கடுமையாய் எழுந்தது, மீண்டும் பூசினார், மீண்டும் அடங்கிற்று. இவ்வாறு ஐந்தாறு வாரம் சென்றது. சிவப்புப் பாதத்தின் மேலேறிக் கணுக்காலை அணுகியது. ஆயினும் ஓரம் மங்கியிருந்தமையின் அது படர்தாமரையென்று எவருக்கும் தோன்றவில்லை. இதற்கிடையே சிறுவிரலிடுக்கில் ஒரு கீறல் ஆழமாய்ப் பிளந்தது. நீரிழிவினாற் பாதம் மரத்திருந்தபடியால் அவருக்கு நோவு தெரியவில்லை. ஓரிரவு குளிர்காய்ச்சல் நடுக்கியெடுத்தது. அரையில் நெறி கட்டியது. விடிந்து பார்க்கையிற் கால் முழங்கால் வரை சிவந்து வீங்கியிருந்தது. வைத்தியசாலையிலே பத்தொன்பது நாள் கிடந்தார். கால் தப்பிற்று, சிறுவிரலை எடுத்துவிட்டனர்.

வாட்டிலே இளம் வைத்தியர் ஒருவர் அந்தக் களிம்புக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாஸ்ரர், இதை ஆர் வாங்கிக் குடுத்தது?" என்றார். கட்டிலிற் கிடந்த தமையனார் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. யானும் விடை சொல்லவில்லை.

அதிலே இருந்தவை மூன்று மருந்துகள்: பங்கசுக்கு ஒன்று, பற்றீரியாவுக்கு ஒன்று, ஸ்ரெரொயிட் ஒன்று. முதலிரண்டும் இருந்தும் தீங்கு செய்தது மூன்றாவது. ஸ்ரெரொயிட் என்பது உடம்பின் எதிர்ப்பை அடக்குவது. தினவும் சிவப்பும் அவ்வெதிர்ப்பின் அடையாளங்களேயாதலின் அவை உடனே மறையும். காவற்காரனை உறங்கவைத்தால் நாய் குரைக்காது. திருடன் போய்விட்டான் என்பது பொருளன்று. பங்கசு தடையின்றிப் பரவும். அதன் இயற்கை வடிவமும் சிதைந்து, கண்ட வைத்தியரையும் மயக்கும். தோலும் மெலியும். இந்தியாவிலும் அயல்நாடுகளிலும் இவ்வகைக் களிம்புகள் தாராளமாய் வழங்கியதோடு, மருந்துக்கு அடங்காத படர்தாமரையும் பெருகிற்று. 2020இல் 'இந்தோதீனியே' எனப் பெயர் பெற்ற ஒரு பங்கசினம் பெரும்பாலும் உடம்பையும் துடையிடுக்கையும் பற்றுவது. முன்னர்த் தப்பாது பலித்த ரெர்பினாபின் என்னும் மருந்தையும் அது பலவிடங்களில் எதிர்த்து நிற்கின்றது. ஆதலால் களிம்புக் குழாயின் மேல் எழுதியிருப்பதை வாசியாமல் வாங்கற்க. பெயர் '…சோன்' என்றோ '…சோல்' என்றோ முடிதலை நோக்குக. பீற்றாமெதசோன், ஐதரோகோட்டிசோன் முதலிய சோன்கள் ஸ்ரெரொயிட்டுகள். குளோபெற்றசோல் என்பது சோல் என முடிந்தும் கடுமையான ஸ்ரெரொயிட்டேயாம். புறனடை இல்லாத விதி இலக்கணத்திலும் இல்லை. குளோற்றிமசோல், மைக்கோனசோல் என்பன பங்கசு மருந்துகள்.

சாதாரண விரலிடுக்கு நோய்க்கு மருத்துவம் அரிதன்று. குளோற்றிமசோல் அல்லது மைக்கோனசோல் களிம்பை நாளுக்கு இருமுறை, காலைக் கழுவி நன்கு துவட்டிய பின், புண்ணிலும் அதனைச் சூழ இரண்டு விரலகலம் நல்ல தோலிலும் மெல்லெனப் பூசவேண்டும். நான்கு வாரம் வரை செல்லும். ரெர்பினாபின் களிம்பாயின் ஒன்றிரண்டு வாரத்திற் பலிக்கும். எல்லாரும் செய்யும் பிழை ஒன்றுண்டு: ஐந்தாம் நாள் தினவு நின்றதும் களிம்பைப் பரணிற் போட்டுவிடுவது. தோலின் அடிப்படையில் உள்ள இழைகள் சாகுமுன் நிறுத்தினால் அடுத்த மழைக்கு முளைக்கும். கண்ணுக்கு மாறிய பின்னும் ஒரு வாரமேனும் பூசுக. வைத்தியர் உவிற்பீல்ட் பெயரால் வழங்கும் பழைய களிம்பு, பென்சோயிக்கமிலம் நூற்றுக்கு 6 பங்கும் சலிசிலிக்கமிலம் 3 பங்கும் கொண்டது. விலை குறைந்தது. வறண்டு தடித்த பாதத்துக்கு இன்றும் ஏற்றது. பச்சைப் புண்ணிற் பட்டாற் கடுமையாக எரியும். நீர் கசியும் புண்ணாயின் முதலில் இரண்டு மூன்று நாள், கொண்டீஸ் எனப்படும் பொற்றாசியம் பரமங்கனேற்றை இளஞ்சிவப்பு நிறமாகுமளவுக்கு மாத்திரம் நீரிற் கரைத்து, கால்மணி நேரம் பாதத்தை வைத்து, உலர்த்தியபின் மருந்திடலாம். நிறம் ஊதாவானால் மருந்து மிகுதி; தோலைச் சுடும். மணியொன்றும் கரையாமல் நிற்றலாகாது.

மருதோன்றியையும் வண்டுகொல்லியையும் யான் இகழேன். இரண்டிலும் பங்கசைத் தடுக்கும் பொருள் உண்டென்பது ஆய்வுகூடங்களிலே கண்டதே. வண்டுகொல்லித் தளிரைப் பிழிந்து படர்தாமரைக்குப் பூசி மாறியவரைக் கண்டுமிருக்கின்றேன். ஆனால் அரைத்த விழுதைப் பிளந்த புண்ணில் அப்பி ஈரத்துணியாற் கட்டிவைப்பது ஈரத்தை அடைத்துவைப்பதாகும். மண்ணெண்ணெய் வார்ப்பதும் சுண்ணாம்பு தடவுவதும் மருத்துவமல்ல. தோலைச் சுட்டுப் புதிய வழி திறப்பன.

நகத்தைப் பற்றினாற் கதை நீளும். நகம் மஞ்சளித்துத் தடித்து, நுனியிற் பொடிந்து, அடியில் மாப்போலத் திரளும். மேற்பூச்சு உள்ளே சென்று சேர்வது அரிது. ஒரு காலத்திலே நகத்தைப் பிடுங்குவதே வழியாயிருந்தது. 1939இல் ஒரு பூஞ்சணத்திலிருந்து பிரித்தெடுத்த கிறிசியோபல்வின் என்னும் பொருள், 1958இல் உட்கொள்ளத்தக்க பங்கசு மருந்தெனத் தெளிவானது. பூஞ்சணம் தந்த மருந்து பூஞ்சணத்தின் இனத்தையே அழிக்கின்றது. இக்காலத்தில் ரெர்பினாபின் மாத்திரையைக் கால்நகத்துக்குப் பன்னிரண்டு வாரம் கொடுப்பர். ஈரலைச் சோதித்து, உண்ணும் மற்ற மருந்துகளையும் விசாரித்தே கொடுக்கவேண்டியதாதலின் இது வைத்தியர் கையில் இருக்கவேண்டிய காரியம். மாத்திரை முடிந்த அன்றே நகம் அழகாகிவிடாது. பெருவிரல் நகம் முழுதும் புதிதாய் வளர ஓராண்டும் ஒன்றரையாண்டும் செல்லும்.

நீரிழிவுடையோர், கால் வீங்கியோர், குருதியோட்டங் குறைந்தோர் ஆகியோர் சிறு கீறலையும் முதல் நாளே வைத்தியருக்குக் காட்டவேண்டும். சிவப்பு மேலேறல், வீக்கம், காய்ச்சல், அரையில் நெறிகட்டல் என்பவற்றுள் ஒன்று கண்டால் விடியும் வரை பொறுத்தலாகாது. யானைக்கால் நோயுற்றாரிடத்து இவ்விரலிடுக்குப் புண் செய்யும் கொடுமை பெரிது. அடுத்தடுத்துக் காய்ச்சலும் அதனால் மேலும் வீக்கமும் வருதற்கு அதுவே வாயில். இலங்கையில் யானைக்கால் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாயிருத்தல் நீங்கிற்றென உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் உறுதிப்படுத்தியது. ஆயினும் முன்னரே கால் வீங்கியோர்க்கு நாள்தோறும் சவர்க்காரமிட்டுக் கழுவி இடுக்கை உலர்த்துதலே இன்னமும் முதல் மருந்து. எலிக்காய்ச்சலும் நைந்த தோல்வழியே புகும். 2008இல் இந்நாட்டிலே ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் அந்நோய்ச் சந்தேகத்துக்கு ஆளாயினர். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைக் கொண்ட காய்ச்சலும் அதுவே. வயலில் இறங்குவோர் சுகாதாரப் பரிசோதகரை அணுகித் தடுப்பு மாத்திரை பெறுவது ஒருபுறமிருக்க, இடுக்கிற் பிளவோடு இறங்காதிருத்தல் மறுபுறம்.

இனிக் காப்பு. கழுவுதல் எங்கள் மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதன்று. வீட்டு வாசலிற் கால் கழுவாமல் உட்புகாத சாதி எங்களது. கோயிற் கேணியிலும் குழாயடியிலும் கழுவுகின்றோம். இசுலாமிய சகோதரர் தொழுகைக்கு முன் நாளொன்றுக்கு ஐந்துமுறை கழுவுகின்றனர். குறை கழுவுதலில் இல்லை, துவட்டுதலில் உள்ளது. கழுவிய காலை மிதிவிரிப்பில் இரண்டு தேய் தேய்த்துவிட்டு மேசுக்குள்ளும் சப்பாத்துக்குள்ளும் நுழைத்துவிடுகின்றோம். மிதிவிரிப்பு உள்ளங்காலைத் துடைக்கும், இடுக்கைத் துடையாது. அவ்விரிப்பிலே வீட்டார் அனைவரும் தத்தம் செதிளை விட்டும் செல்வர். செதிளோடு உதிரும் வித்திகள் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். குளியலறை வாசலிற் கிடக்கும் பொதுச் செருப்பு ஒன்றை வீடு முழுவதும் மாட்டிக்கொள்வதும், ஒரே நகவெட்டியால் எல்லார் நகத்தையும் வெட்டுவதும் இத்தகையன. வீட்டில் ஒருவர்க்கு மருந்திடும்பொழுது மற்றவர் காலையும் பார்க்கவேண்டும். இல்லையேல் தந்தைக்கு மாறியது மகனிடமிருந்து திரும்பிவரும். கால்நோயுள்ளவர் உள்ளாடைக்கு முன்னரே மேசை அணிந்துகொண்டால் நோய் துடையிடுக்குக்கு ஏறுதல் குறையும். கேட்கச் சிரிப்பாயினும் உண்மை.

சப்பாத்து ஒருநாள் அணிந்தால் மறுநாள் காய வேண்டும். இரண்டு சோடி உடையவன் மாற்றியணியலாம். ஒரு சோடியே உடையவன் இரவிலே பத்திரிகைத் தாளைச் சுருட்டி உள்ளே திணித்துவைத்தால் தாள் ஈரத்தை உறிஞ்சும். (இப்பத்திரிகையும் அதற்கு உதவும்.) மேசு பருத்தியாயின் நாள்தோறும் மாற்றிக் கொதிநீரில் தோய்த்தல் நன்று. பாடசாலைகளிலே வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தும் வெள்ளை மேசும் சீருடையென வகுத்தோர் கார்த்திகை மழையை நினைத்திலர். நனைந்த சப்பாத்தோடு காலை ஏழரை முதல் பிற்பகல் ஒன்றரை வரை ஒரு பிள்ளையை இருத்திவைப்பது ஒழுக்கமாகாது. மழைக்காலத்தில் செருப்பணிந்து வர அனுமதிக்கும்படி அதிபரிடம் கேட்டேன். வெண்மை கெடுமே என்றார். ஈற்றில், வகுப்பில் இருக்கும்பொழுது மாத்திரம் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைக்க இசைந்தார். அம்மாணாக்கன் இப்பொழுது காலைத் தேய்ப்பதில்லை. சாளரத்துக்கு வெளியே பார்க்கின்றான்.

வயல்வேலைக்கு நெடுஞ்சப்பாத்து நல்லதென்பர். உள்ளே நீர் புகுந்தால் அது வெறுங்காலினும் கேடு. வேலை நடுவே இருமுறையேனும் வரம்பேறிக் காலைக் கழுவித் துடைத்து, காற்றுப்பட இருத்தல் வேண்டும். சேற்றில் இறங்குமுன் வேப்பெண்ணெய் தடவும் பழைய வழக்கமும் நீர் ஊறுதலைச் சிறிது தடுக்கும். கரையேறியபின் அவ்வெண்ணெயைச் சவர்க்காரத்தாற் போக்கிவிடுக.

தமையனார் இவ்வாண்டும் விதைத்திருக்கின்றார். மாலையில் வயலால் வந்து கிணற்றுக்கட்டில் அமர்ந்து காலைக் கழுவுவார். அவர் மனைவியார் பழைய வேட்டியைக் கிழித்துத் துண்டுகளாக்கிக் கொடியிற் போட்டு வைத்திருப்பர். ஒரு துண்டை எடுத்துக் கயிறுபோலத் திரித்து, ஒவ்வோர் இடுக்காகச் செலுத்தி இழுப்பார். கண் மங்கலாதலின் விட்டுவிடாதிருக்க வாய்விட்டு எண்ணுவது வழக்கம். இடக்காலில் நான்கு, வலக்காலில் மூன்று. ஏழு என்று முடித்து, துண்டைக் கொதிநீர்ச் சட்டியிற் போட்டுவிட்டுச் செருப்பை மாட்டுவார்.